கொள்ளளவும் காத்திருப்பும்: நிலைகாட்டும் கட்டளைகளும் திருகோணமலைத் துறைமுகமும்

கணினியின் முன்னமர்ந்து, கட்டளைவரியிற் சில எழுத்துக்களைத் தட்டி, அதன் நிலையை அறிந்துகொள்ளும் வழக்கம் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. யுனிக்ஸ் எனப்படும் பணிசெயல் முறைமையிலும் அதன் வழித்தோன்றல்களிலும் 'டி.எஃப்' என்று எழுதினால், கோப்பு முறைமையில் எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது, எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது தெரியவரும். 'நெட்ஸ்டாட்' என்று எழுதினால், அவ்வேளையில் எந்தெந்த முகவரிகளுடன் தொடர்பு திறந்துள்ளது என்பது தெரியவரும். 'மெயில்கியூ' என்பது அனுப்பப்படாது தேங்கிக் கிடக்கும் அஞ்சல்களையும் அவை தேங்கியமைக்கான காரணத்தையும் வரிசைப்படுத்தும். இவை எதனையும் ஆக்குவனவல்ல, எதனையும் மாற்றுவனவுமல்ல. உள்ளதை உள்ளவாறு சொல்லுவதே இவற்றின் தொழில். அதனாற் போலும், கணினியின் வரலாற்றை எழுதுவோர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. பெரும் எந்திரங்களும் பெருஞ் செல்வர்களுமே அவ்வரலாற்றின் நாயகராயினர்.

ஆயினும், எவ்வளவு இடமுண்டு, யாருடன் தொடர்புண்டு, எது வந்துசேராமற் காத்திருக்கிறது என்னும் இம்மூன்று வினாக்களும் கணினியோடு பிறந்தவையல்ல. துறைமுகத்தை ஆள்வோன் நாள்தோறும் கேட்கும் வினாக்கள் இவையே. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க மாக்கள், வந்திறங்கும் பொதிகளுக்குப் புலிப்பொறி இட்டபொழுது இவ்வினாக்களுக்கே விடை எழுதிக்கொண்டிருந்தனர். விடையை யார் காணலாம், யார் காணலாகாது என்பதே சமூக வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டியது. இவ்வினாவை முன்வைத்து நிலைகாட்டும் கட்டளைகளின் தோற்றத்தையும் வளர்ச்சியையும், திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தின் அனுபவத்தோடு ஒருங்குவைத்து இக்கட்டுரையில் நோக்க முயலுகிறோம். இரண்டையும் இணைப்பது வலிந்த ஒப்புமையன்று என்பது போகப்போகப் புலனாகும்.

திருகோணமலையின் நிலை பற்றிய எழுத்துக்களில் ஒருவகை, பணிசெய்வோரின் கடமையையும் உரிமையையும் சேர்த்துக் கூறுவது. கவிராச வரோதயர் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு, தானத்தார், வரிப்பத்தார் முதலியோர் கோயிலுக்குச் செய்யவேண்டியன எவை, கோயிலிலிருந்து பெறவேண்டியன எவை என்பவற்றை வகுத்துரைக்கின்றது. நிலமானிய உறவுகளை நிலைநிறுத்தும் நூலே அது, இதில் ஐயமில்லை. எனினும், தனக்குரியது யாதென்பதை அந்நூலை முன்வைத்துக் கேட்கும் வாய்ப்பு ஊழியனுக்கு ஓரளவேனும் இருந்தது. குடியேற்றவாதத்தின் பதிவேடு வேறுவகைப்பட்டது. 1786 இல் திருகோணமலையிலிருந்த ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன், கொட்டியாபுரம், தம்பலகாமம், கந்தளாய் ஆகிய பகுதிகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பொன்றை எழுதினார். குளங்களின் நிலை, வயல்களின் நிலை, குடிகளின் நிலை யாவும் அதில் உள. இன்று அது எமக்கு அரிய வரலாற்று மூலம். அன்று அது கும்பனிக்கு எழுதப்பட்டது. அதிற் பேசப்பட்ட குடிகள் அதைப் படித்தவர்களல்லர். கீழிருந்து மேலே மட்டும் செல்லும் அறிவு இது.

பிரித்தானியர் இத்துறைமுகத்தை விரும்பியதற்கான காரணமும் காத்திருப்போடு தொடர்புடையதே. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சோழமண்டலக் கரையிற் கப்பல்கள் ஒதுங்கத்தக்க பாதுகாப்பான துறை இருக்கவில்லை. மலைகள் சூழ்ந்த ஆழமான திருகோணமலைக் குடாவே அக்குறையை நிரப்பியது. 1782 இல் ஒரே ஆண்டில் ஒல்லாந்தர் கையிலிருந்து பிரித்தானியருக்கும், பிரித்தானியரிடமிருந்து சவ்ரென் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படைக்கும் அது கைமாறியது. 1795 இல் மீண்டும் பிரித்தானியர் வசமாகி, 1957 ஒக்டோபர் வரை அவர்தம் கடற்படைத் தளமாகவே நிலைத்தது.

இத்தளத்திலிருந்து கணினிக் கட்டளைக்குச் செல்லும் வழிகளில் ஒன்று கடலடி வழியாகவே செல்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்கூற்றில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் திருகோணமலையிலிருந்து மலாக்கா நீரிணைவரை சென்றுவந்தன. 1944 இல் 'அடமன்ற்' என்னும் தாய்க்கப்பல் இங்கு நின்று அவற்றைப் பேணியது. நீர்மூழ்கியைக் கண்டறிய ஒலியலையை அனுப்பி, அதன் எதிரொலியைச் செவிமடுக்கும் முறை அந்த யுத்தத்தில் முதன்மை பெற்றது. 1983 டிசெம்பரில், அமெரிக்கத் தரைப்படையின் எறிபொருள் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த மைக் மூஸ், வலையமைப்பின் மறுமுனையிலுள்ள கணினி உயிரோடிருக்கிறதா என்று அறிவதற்குச் சிறு நிரலொன்றை ஒரே மாலையில் எழுதினார். சிறு செய்தி ஒன்றை அனுப்பி, அது திரும்பிவர எடுக்கும் நேரத்தை அளப்பதே அதன் வேலை. கடலடி ஒலிமானியின் ஓசையை நினைந்து அதற்கு அவர் இட்ட பெயர் 'பிங்'. இன்று உலகின் எந்த மூலையிலும் வலையமைப்புப் பழுதுபார்ப்போன் முதலில் எழுதும் கட்டளை இதுவே. போரின் கருவி பொதுமக்களின் கருவியாக உருமாறிய இவ்வரலாற்றை, போரினால் ஆகிய நன்மையென்று கொள்வது தவறு. பொதுப்பணத்தில் உருவாகியது பொதுவில் விடப்பட்டது என்பதே நேரிய விளக்கம்.

இவ்விளக்கத்தை 'டி.எஃப்' இன் வரலாறு இன்னும் தெளிவாக்கும். 1971 நவம்பரில் வெளியான யுனிக்ஸ் முதற்பதிப்பின் கையேட்டிலேயே இக்கட்டளை இடம்பெறுகின்றது. அன்று அது தந்த விடை ஓர் எண் மட்டுமே: எஞ்சியுள்ள வெற்றுக் கட்டங்களின் தொகை. கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் பணிபுரிந்த பெல் ஆய்வுகூடம், ஏ.டி.அன்.டி. எனும் தொலைபேசி ஏகபோகத்தின் உறுப்பு. அவ்வேகபோகத்தின் மீது அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கு 1956 இல் ஓர் இணக்கத் தீர்ப்பில் முடிந்தது; தொலைத்தொடர்பைத் தவிர்ந்த வேறு வணிகத்தில் அக்கும்பனி இறங்கலாகாது என்பது அதன் சாரம். எனவே யுனிக்ஸைச் சரக்காக விற்க அதனால் இயலவில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப கட்டணத்தில் மூலநிரலோடு அது வழங்கப்பட்டது. தனியொருவரின் பெருந்தன்மையில் இதற்கு விளக்கம் தேடுவோர் இத்தீர்ப்பை மறந்துவிடுகின்றனர். முதலாளித்துவம் தன் ஏகபோகத்திற்குத் தானே இட்ட ஒரு கட்டு, தற்காலிகமாக ஒரு பொதுவெளியைத் திறந்துவிட்டது.

திறந்த கதவு விரைவில் மூடத் தொடங்கியமையும் மனங்கொள்ளத்தக்கது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜோன் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு மாணவர்களுக்கென ஓர் உரை எழுதினார். அடுத்த பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பறையிற் கற்பிப்பதைத் தடைசெய்தது. உரை நிற்கவில்லை, படியெடுக்கப்பட்டு, படியின் படியெடுக்கப்பட்டு, கைக்குக் கை மாறிச் சென்றது. ஏட்டுப் பிரதிகளின் வழியே நூல்களையும் உரைகளையும் காத்த மரபில் வந்த எமக்கு, இச்செய்தி புதுமையாகத் தோன்றாது. 1984 இல் ஏ.டி.அன்.டி. பிரிக்கப்பட்டபொழுது பழைய கட்டு அவிழ்ந்தது. யுனிக்ஸ் முழுமையாகச் சரக்காகியது. அதற்கு முன்னரே, 1983 இல், ரிச்சாட் ஸ்டோல்மன் 'குனு' இயக்கத்தை அறிவித்திருந்தார். 1991 இல் லினக்ஸ் வந்தது. இன்று எமது மாணவர் பயன்படுத்தும் 'டி.எஃப்' பெரும்பாலும் இவ்வியக்கம் புதிதாக எழுதிய 'டி.எஃப்' ஆகும்.

இக்கட்டளையின் விடையில் ஒரு நுட்பமுண்டு. நிரம்பிய அளவையும் எஞ்சிய அளவையும் கூட்டினால் மொத்தக் கொள்ளளவு வருவதில்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தார் எண்பதுகளில் அமைத்த கோப்பு முறைமையில் ஏறத்தாழப் பத்து வீதமும், பின்னர் லினக்ஸ் முறைமைகளில் வழக்கமாக ஐந்து வீதமும் மேலதிகாரப் பயனருக்கென ஒதுக்கப்பட்டன. சாதாரண பயனருக்கு இடமில்லை என்று முறைமை கைவிரித்த பின்னரும் மேலதிகாரப் பயனர் எழுதிக்கொண்டிருக்கலாம். பெர்க்லி முறைமையில் அவ்வாறு எழுதும்போது 'டி.எஃப்' நூறு வீதத்தைக் கடந்த எண்ணையும் காட்டும். தொழினுட்பரீதியில் இதற்கு நியாயம் உண்டு: வட்டு முற்றாக நிரம்பினால் கோப்புக்கள் சிதறும், முறைமையைப் பழுதுபார்க்கவும் இடம் வேண்டும். எனினும், இருப்பு என்பது நடுநிலையான எண்ணன்று, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது என்ற உண்மை அங்கே எழுத்தில் நிற்கிறது. நல்ல கருவிக்கு அழகு, ஒதுக்கீட்டை மறைக்காமல் கூட்டலிற் காட்டிக்கொடுப்பது.

சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியாது. இரு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கெனக் கட்டப்பட்டவை அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கியபோது அழிந்தது போக, இன்று 99 தாங்கிகள் எஞ்சியுள்ளன. (அத்தாக்குதல் பற்றி முன்னறிவித்தல் கிடைத்து, துறைமுகத்துக் கப்பல்கள் முதல்நாள் இரவே வெளியேற்றப்பட்டன, அவற்றுள் 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. நிலையறிதல் எப்போதும் காப்பாற்றுவதில்லை.) காட்டுக்குள் வரிசையாய் நிற்கும் இத்தாங்கிகள் யாருக்கு என்பது இலங்கையின் அயலுறவு வரலாற்றில் ஓயாத விவகாரம். 1987 இல் இலங்கை-இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவற்றுக்கு ஒரு பந்தி உண்டு. 2003 இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் உட்புகுந்தது. 2022 சனவரியில் 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. பங்கீட்டுக் கணக்கு நேர்த்தியானது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் நாடெங்கும் மக்கள் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். யூலையில் எரிபொருள் அனுமதி முறை வந்தது. ஒவ்வொரு வண்டிக்காரனின் வாராந்த மிகுதியையும் லீற்றர்க் கணக்கில் அரசு அறியலாயிற்று. இந்தியப் பெருங்கடலின் பெருந் தாங்கித் தொகுதிகளில் ஒன்றின் அருகே வாழும் மீனவன் மண்ணெண்ணெய்க்குக் காத்து நின்றான். குடிமகனின் கொள்கலம் அளக்கப்பட்டது. தாங்கிகளின் எதிர்காலத்தை வகுத்த பேச்சுக்களில் அவனுக்கு இடமிருக்கவில்லை.

'நெட்ஸ்டாட்' இன் பிறப்பு 1983 இல் வெளியான பெர்க்லி யுனிக்ஸ் 4.2 ஆம் பதிப்போடு நிகழ்ந்தது. இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளைப் பரவலாக்கிய அப்பதிப்புக்கு நிதி வழங்கியது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகம். இக்கட்டளையின் அட்டவணையில் உள் முகவரி, அயல் முகவரி, நிலை என நிரல்கள் உண்டு. நிலை என்பதன் கீழ், செவிமடுத்துக் காத்திருப்பது, தொடர்பு நிலைநாட்டப்பட்டது, மூடப்படக் காத்திருப்பது போன்ற குறிப்புக்கள் வரும். செவிமடுக்கும் வாயில் எது, அதன் வழியே யார் வந்துள்ளார் என்பதைச் சாதாரண பயனரும் காணலாம் என்பது அதன் ஆதி இயல்பு. இப்போது லினக்ஸில் 'எஸ்.எஸ்' என்னும் புதிய கட்டளை அதன் இடத்தைப் பிடித்து வருகிறது; நிரல்களின் பொருள் மாறவில்லை.

அயல் முகவரி என்ற நிரல் திருகோணமலைக்கு அந்நியமானதன்று. ஜேர்மனியின் டொய்ச்சே வெலே நிறுவனம் 1984 முதல் இங்கு அஞ்சல் ஒலிபரப்பு நிலையமொன்றை நடத்தியது. பின்னர் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்புக்கு மாறியது. 1987 ஆம் ஆண்டுக் கடிதங்களில், இலங்கையிலுள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படாதவாறு மீளாய்வு செய்யப்படும் என்னும் உறுதியும் காணப்படுகிறது. எந்த வாயில் யாருக்குச் செவிமடுக்கிறது என்று இரு அரசுகள் தமக்குள் வினவிக்கொண்டன.

'அஞ்சல் ஒலிபரப்பு' என்ற தொடரை இங்கு வேண்டுமென்றே கையாண்டோம். கடிதத்துக்கும், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக்கொண்டு செல்லும் ஓட்டத்துக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவது தற்செயலன்று. பழைய தபால்முறை அவ்வாறே இயங்கியது. மின்னஞ்சலும் அவ்வாறே இயங்குகின்றது. பெல் ஆய்வுகூடத்து மைக் லெஸ்க் எழுபதுகளின் நடுவில் உருவாக்கிய யு.யு.சி.பி. முறை, 1979 இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு பரவியது. இரவிலே தொலைபேசிக் கட்டணம் குறையும் வேளையிற் கணினியொன்று மற்றொன்றை அழைக்கும், சேர்த்துவைத்த அஞ்சல்களைக் கொடுத்து வாங்கும், தொடர்பைத் துண்டிக்கும். எரிக் ஓல்மன் பெர்க்லியில் எழுதிய 'செண்ட்மெயில்' நிரல் பல்வேறு வலையமைப்புக்களுக்கிடையே இவ்வஞ்சல்களைத் திசைதிருப்பியது. அதன் துணைக்கருவியே 'மெயில்கியூ'. ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஓர் எண், வந்துசேர்ந்த நேரம், அனுப்பியவர், பெறுபவர், காத்திருப்பதன் காரணம் என்பன அதிற் காணப்படும். வழக்கமான அமைப்பில் நான்கு மணித்தியாலம் தாமதித்தால் அனுப்பியவருக்கு எச்சரிக்கை செல்லும். ஐந்து நாட்களில் முயற்சி கைவிடப்பட்டு, காரணத்தோடு அஞ்சல் திருப்பப்படும். காணாமற் போக எந்த அஞ்சலையும் விடக்கூடாது என்பது இம்முறையின் அடிப்படை ஒழுக்கம்: ஒன்று சேரவேண்டும், அன்றேல் ஏன் சேரவில்லையென்று சொல்லப்படவேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, பேராசிரியர் அபய இந்துருவவின் முன்முயற்சியால், 'லேர்ன்மெயில்' எனும் மின்னஞ்சற் சேவை இலங்கையில் தொடங்கியது. அதுவும் தொலைபேசிவழி சேர்த்துவைத்து அனுப்பும் முறையே. பல்கலைக்கழகங்களை இணைத்த இக்கல்வி வலையமைப்பு, வணிக இணையச் சேவைக்கு முன்னரே பொதுப்பணத்தில் உருவானதென்பது பதியப்படவேண்டிய செய்தி. எனினும், அது உருவான அதே காலத்தில், 1990 யூனில், வடக்கு கிழக்கிற் போர் மீண்டும் மூண்டது. தலைநகரில் அஞ்சல் கண்டங்களைக் கடக்கத் தொடங்கிய வேளையிற் கிழக்கின் கிராமங்களில் அகதி முகாம்களே உறவினரைத் தேடும் முகவரிகளாயின. திருகோணமலையில் 1993 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001 இற் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்த நிறுவனம் இன்று நிலாவெளிப் பக்கத்துக் கோணேசபுரியில் இயங்குகின்றது. கணினி விஞ்ஞானமும் அங்கே கற்பிக்கப்படுகிறது.

இதுவரை கூறியவற்றிலிருந்து, காணக்கூடியதெல்லாம் நன்று என்ற முடிவுக்கு வருவது எளிது. அது தவறாகும். 1971 இல் ஸ்டான்போர்ட் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்து லெஸ் ஏர்ணெஸ்ட் எழுதிய 'ஃபிங்கர்' என்னும் கட்டளை, முறைமையில் யார் அமர்ந்திருக்கிறார், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பவற்றை அயலிலுள்ள எவருக்கும் காட்டியது. தோழமையான ஆய்வுகூடத்தில் அது வசதி. 1988 நவம்பர் 2 ஆம் திகதி ரொபேட் மொறிஸ் எனும் மாணவர் விடுவித்த புழுநிரல், இந்த 'ஃபிங்கர்' சேவையிலும் 'செண்ட்மெயில்' இலும் இருந்த ஓட்டைகளின் வழியே நுழைந்து, இணையத்தின் கணினிகள் பலவற்றை முடக்கியது. பின்னர் பெரும்பாலான நிறுவனங்கள் 'ஃபிங்கர்' ஐ மூடின. போர்க்காலத்தில் வீட்டில் தங்கியோரின் பெயர்ப்பட்டியலைப் பொலிசில் பதிவுசெய்து, சோதனைச்சாவடியில் அட்டை நீட்டி வாழ்ந்த சமூகத்துக்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. எந்திரத்தின் நிலையை மனிதர் அறிவது வேறு. மனிதரின் நிலையை எந்திரத்தை உடையோர் அறிவது வேறு. இன்று பெருநிறுவனங்களின் தொலைக்கணினிகளில் எமது கோப்புக்களை வைக்கும்பொழுது, எமக்குக் காட்டப்படுவது ஒதுக்கீட்டின் மிகுதி மட்டுமே. கீழேயுள்ள வட்டு, வலையமைப்பு, வரிசை எதனையும் நாம் வினவ முடியாது. அவர்களோ எம்மை இடையறாது வினவுகின்றனர்.

திறந்த கருவிகள் மனிதரின் நிலையறிதலுக்கு மனிதர் சார்பாகப் பயன்பட்ட ஒரு சந்தர்ப்பம் இம்மண்ணிலேயே உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், குச்சவெளி, நிலாவெளிக் கரைகளை அழித்தது. அடுத்த சில நாட்களில் இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள் லங்கா மென்பொருள் மன்றத்தின் சார்பிற் கூடி 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதினர். லினக்ஸின் மேல் எழுப்பப்பட்ட அதில் முகாம்களின் பதிவும் உதவிகளின் பதிவும் இருந்தன; காணாமற் போனோரின் பதிவேடும் இருந்தது. அரசின் தேசிய செயற்பாட்டு நிலையம் அதனைப் பயன்படுத்தியது. பின்னர் வேறு நாடுகளின் பேரழிவுகளிலும் அது பயன்பட்டது.

அலை கொண்டுசென்றவரைத் தேடப் பதிவேடு எழுதுவதற்குச் சில நாட்கள் போதுமாயின. போரிற் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான அலுவலகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது 2016 இல். அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில், வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐக்கிய நாடுகள் செயற்குழு இலங்கைக்கு வந்தபோது, திருகோணமலைக் கடற்படைத் தளத்தினுள் இரகசியத் தடுப்பு அறைகளைக் கண்டதாக அறிவித்தது. எந்த அட்டவணையிலும் இடம்பெறாத அறைகள் அவை. 2017 இல் திருகோணமலையில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், மகன் எந்நேரம் கொண்டுவரப்பட்டான், எங்கே வைக்கப்பட்டான், எக்காரணத்தால் வீடு வந்துசேரவில்லை என்று கேட்டனர். தேங்கிய ஒரு கடிதத்துக்குக்கூட 'மெயில்கியூ' இம்மூன்றையும் ஒரே வரியிற் சொல்லிவிடும்.